இளையோர் உறக்கமும் இல்லத்தார் கடமையும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வைகறைப் பொழுது அமைதியாகக் கழிவதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. அடுப்பு மூட்டும் நேரம் அது. பதினைந்து, பதினாறு வயது நிரம்பிய பிள்ளைகளைப் படுக்கையினின்றும் எழுப்பப் பெரியோர் போராடும் நேரமும் அதுவே. "இந்நேரம் வரை உறங்குகிறானே, இவன் எங்கே உருப்படப் போகிறான்?" என்னும் சொல் தாராவியிலும் கேட்கும், மாட்டுங்காவிலும் கேட்கும், செம்பூரிலும் டோம்பிவிலியிலும் கேட்கும். இரவு பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் தூக்கம் வரவில்லை என்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழச் சொன்னால் கண் திறக்க மாட்டேன் என்கிறது என்கிறார்கள். இது சோம்பலா, பிடிவாதமா, கைப்பேசி செய்த கேடா, அன்றி வேறு காரணம் உண்டா என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் பணி பார்த்து வருகிறோம். எனினும் இப்பொருளில் எமக்கு நாட்டம் உண்டானதற்குக் காரணம் எம் வீட்டிலேயே இருக்கிறது. எம் தமையனார் மகன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து எம்முடன் தங்கிப் படிக்கிறான். வயது 17, பன்னிரண்டாம் வகுப்பு. அவனுடைய கல்லூரி காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. டோம்பிவிலியிலிருந்து ரயிலேறித் தாணாவுக்குச் செல்ல வேண்டும். எழுபதைக் கடந்த எம் அன்னையாரோ, நாலரை மணிக்கே அவனை எழுப்பிப் பாடத்தைக் கையில் எடுக்கச் செய்வதைத் தம் கடமையாகக் கொண்டவர். "ஏலே ராசா, எந்திரி. வெள்ளி முளைச்சாச்சு" என்பார். "ஆச்சி, இன்னும் பத்து நிமிசம்" என்பான் அவன். பத்து நிமிடம் அரை மணியாகும், சொல் தடிக்கும், ஒருவர் கண்ணில் நீரும் ஒருவர் முகத்தில் சினமுமாகப் பொழுது விடியும்.

இவ்வளவில் இது வீட்டுச் சச்சரவாகவே இருந்திருக்கும். ஆனால், ஒரு நாள் கூட்டம் நிறைந்த வண்டியில் வாசலோரமாக நின்றிருந்த பையன் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். அருகில் நின்ற முன்பின் அறியாத ஒருவர் அவன் தோளைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டார். இதைக் கேள்வியுற்ற பின்னரே, பிள்ளைகளின் உறக்கம் என்பது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று, உயிரைப் பற்றிய பேச்சும் ஆகும் என்பது எங்கள் இல்லத்தில் அனைவர்க்கும் விளங்கிற்று. அது முதல் இதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்து வந்தோம். படித்தவற்றுள் நம்மவர் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துரைக்கிறோம்.

முதலில், பிள்ளைகள் வளர வளர உறக்கத்தின் தேவை குறையும் என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினர். 1976-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்னும் அம்மையார் இதைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். பத்து முதல் பன்னிரண்டு வயதுள்ள சிறுவர் சிறுமியரைக் கோடை விடுமுறையில் ஒரு முகாமில் தங்கச் செய்து, ஒவ்வோர் இரவும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க விட்டார். அதே பிள்ளைகளை அடுத்தடுத்த கோடைகளிலும் வரவழைத்தார். வயது ஏற ஏற உறங்கும் நேரம் குறையவில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகவே இருந்தது. அது மட்டுமன்று. முழுதும் உறங்கி எழுந்த நாளிலும், பருவம் எய்திய பிள்ளைகளுக்கு நடுப்பகலில் அயர்வு மிகுதியாக இருந்தது.

அதே அம்மையார் 1993-இல் மற்றோர் உண்மையை வெளியிட்டார். பருவ வளர்ச்சி முன்னேற முன்னேற, பிள்ளைகள் பின்னிரவு விழிப்பையும் பின்காலை எழுச்சியையும் நாடுகின்றனர் என்பதே அது. நமது மூளையின் அடிப்பாகத்தில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. உடலுக்குக் கடிகாரம் அதுவே. மாலை ஒளி மங்கியதும் அக்கடிகாரத்தின் ஏவலால் மெலட்டோனின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, உறங்கும் வேளை நெருங்கிற்று என்று உடலுக்கு அறிவிக்கும். பருவ வயதில் இவ்வறிவிப்பு தாமதித்தே வருகிறது. 2004-இல் ஜெர்மானிய அறிஞர் டில் ரோன்னபெர்க் முதலியோர் பல்லாயிரவரின் பழக்கங்களைத் திரட்டி ஆராய்ந்ததில், இத்தாமதம் ஆண்டுதோறும் வளர்ந்து, ஏறக்குறைய இருபது வயதில் உச்சியை அடைந்து, பின்னர் மெல்ல மெல்ல முன்னோக்கித் திரும்புவதைக் கண்டனர். பெண்கள் இவ்வுச்சியைச் சற்று முந்தியும் ஆண்கள் சற்றுப் பிந்தியும் எய்துகின்றனர்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. கார்ஸ்கடன் அம்மையார் இவற்றைக் கண்ட 1976-லும் 1993-லும் பிள்ளைகள் கையில் கைப்பேசி இல்லை. ஆகவே, கைப்பேசியே இதற்கு மூலகாரணம் எனல் பொருந்தாது. அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது உண்மை. நெருப்பை மூட்டியது அது அன்று.

இனி, நம் போன்று கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குக் குடியேறியோர்க்கே உரிய செய்தி ஒன்று உண்டு. இந்தியா முழுமைக்கும் கடிகாரம் ஒன்று. சூரியன் அவ்வாறு இல்லை. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் நாட்டு ரயில்கள் ஓடியது சென்னை நேரப்படி. பம்பாய் நகரத்தார் தங்கள் சொந்த நேரத்தை விட மனமில்லாமல் 1955 வரையில் அதையும் வைத்துக்கொண்டிருந்தனர். சென்னை நேரம் இந்திய நேரத்திற்கு 9 நிமிடம் பின்தங்கியது. பம்பாய் நேரம் 39 நிமிடம் பின்தங்கியது. ஆக, இரு நகரங்களுக்கும் இடையே அரை மணி வேற்றுமை. சட்டத்தில் பம்பாய் நேரம் மறைந்துவிட்டது, வானத்தில் மறையவில்லை. சூரியன் இன்றும் பழைய பம்பாய் நேரத்தையே அனுசரித்து வருகிறான்.

இதன் பயனைப் பாருங்கள். ஜனவரி மாத நடுவில் சென்னையில் சூரியோதயம் ஏறத்தாழக் காலை 6.35, மும்பையில் ஏறத்தாழ 7.15. எனவே, அம்மாதத்தில் எம் பையனின் கல்லூரி மணி அடிக்கும்போது மும்பைக்கு இன்னும் பொழுது விடிந்திருப்பதில்லை. ஜூன் மாதத்திலோ சென்னையில் மாலை 6.40-க்குள் சூரியன் அடைந்துவிடும், மும்பையில் 7.15-க்கும் வெளிச்சம் இருக்கும். மாலை வெளிச்சம் நீளுமாயின் உடற்கடிகாரம் மேலும் தாமதிக்கும். இந்தியப் பிள்ளைகளின் உறக்கத்தை ஆராய்ந்த மௌலிக் ஜக்னானி என்னும் பொருளியல் அறிஞர், சூரியன் ஒரு மணி நேரம் பிந்தி மறையும் இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ அரை மணி நேரம் உறக்கத்தை இழக்கின்றனர் என்று காட்டியிருக்கிறார். படுப்பது சூரியனை ஒட்டிப் பிந்துகிறது. எழுவதோ பள்ளி மணியை ஒட்டி மாறாமல் நிற்கிறது. இடையில் நசுங்குவது உறக்கம். ஊரில் இருந்தபோது எளிதாக எழுந்த பிள்ளை இங்கு வந்த பின் எழ மறுக்கிறான் என்று வருந்தும் பெற்றோர், வயதோடு ஊரும் மாறியிருப்பதை நினைவில் கொள்ளுதல் நன்று.

சரி, உறக்கம் குறைந்தால் என்ன? காப்பி குடித்தால் தெளிந்துவிடுமே என்பார் உளர். இதற்கு விடை, உறங்கும்போது மூளையில் நடக்கும் வேலையை அறிந்தால் கிடைக்கும்.

பிள்ளைப் பருவத்தில் மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு மேற்பட்ட இணைப்புகள் முளைக்கின்றன. சிகாகோவைச் சேர்ந்த ஹட்டன்லோச்சர் என்னும் மருத்துவர் 1979-இல் இவ்விணைப்புகளை எண்ணிப் பார்த்து, முன்மூளையில் அவை இளங்குழந்தைகளுக்கு மிகுந்தும் வளர்ந்தோர்க்குக் குறைந்தும் இருப்பதை நிறுவினார். பருவ வயதில் நடப்பது களையெடுப்பு. பயன்படும் இணைப்பு நிலைக்கிறது, பயன்படாதது நீங்குகிறது. தொலைவிலுள்ள பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளின்மேல் கொழுப்பு உறை படர்ந்து செய்தி விரைந்து செல்ல வழி செய்கிறது. இவ்வேலை இருபது வயதைத் தாண்டியும் நடைபெறுகிறது. எல்லாவற்றிலும் கடைசியாக முதிர்வது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. ஆராய்ந்து முடிவு செய்வதும் ஆத்திரத்தை அடக்குவதும் அதன் பொறுப்பு.

உறக்கத்திலும் இம்மாறுதலின் சுவடு தெரிகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மூளையில் எழும் பெரிய மெல்லலைகள் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையே பாதிக்கு மேல் வலுக் குன்றுகின்றன. அவ்வலைகளின் வீழ்ச்சியும் இணைப்புகளின் களையெடுப்பும் ஒரே மாறுதலின் இரு தோற்றங்கள் என 1982-இல் இர்வின் ஃபைன்பெர்க் என்பார் கருத்துரைத்தார். பகலில் பெருகிய இணைப்புகளை அளவுக்குக் கொண்டுவந்து சீர் செய்வதே ஆழ்துயிலின் தொழில் என்னும் கொள்கையும் 2003 முதல் அறிஞரிடையே பேசப்பட்டு வருகிறது.

மும்பைவாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஞாயிறுதோறும் 'மெகா பிளாக்' என்று அறிவித்துச் சில பாதைகளில் வண்டிகளை நிறுத்துவதைக் கண்டு நாம் சலித்துக்கொள்கிறோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் தண்டவாளத்தில் கட்டையை மாற்ற இயலாது. மின்கம்பியைப் பழுது பார்க்க இயலாது. போக்குவரத்தை நிறுத்தினால்தான் பாதையில் கை வைக்கலாம். அந்நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் வண்டிகள் உடனே நின்றுவிடா. ஆனால் தாமதமும் தடுமாற்றமும் பெருகும். மூளைக்கு உறக்கம் இத்தகைய பிளாக். அதிலும் பருவ வயதில் நடப்பது வெறும் பழுது பார்ப்பு அன்று. புதுப்பாதை போடும் வேலை. அந்த வயதில் வேலை நேரத்தைக் குறைக்கலாமா?

2007-இல் அமெரிக்காவில் யூ, வாக்கர் முதலியோர் 18 முதல் 30 வயது வரையுள்ள இளைஞர் இருபத்தறுவரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். அவர்களுள் ஒரு பகுதியினரை ஓர் இரவு முழுதும் விழித்திருக்கச் செய்து, மறுநாள் வருத்தம் தரும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தனர். அமிக்டலா என்னும் பாதாம் பருப்பு வடிவப் பகுதி அச்சத்துக்கும் சினத்துக்கும் இருப்பிடம். உறங்காதவரிடம் அது, உறங்கியவரைக் காட்டிலும் ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதியாகத் துடித்தது. அதை அடக்கியாளும் முன்மூளைப் பகுதியோடு அதற்குள்ள தொடர்பும் தளர்ந்திருந்தது. முதிர்ந்த இளைஞர்க்கே ஓரிரவில் இந்நிலை என்றால், முன்மூளை இன்னும் முற்றாத பிள்ளை காலையில் சீறுவதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கொள்வது தகுமா?

2015-இல் ஈவா டெல்சர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு பெற்றோர்க்குப் பெரிதும் பயன்படுவது. உறக்கத்தின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு, பின்னாளில் மூளையின் இணைப்பு இழைகள் அத்துணைச் செம்மையாக இல்லை என்று அவர்கள் கண்டனர். ஒரு நாள் ஐந்து மணி நேரம், மறுநாள் ஒன்பது மணி நேரம் என்னும் ஒழுங்கின்மை தீது என்பது இதன் குறிப்பு. 2025-இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து கேம்பிரிட்ஜ், ஃபூடான் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. குறைவாக உறங்கிய பிரிவினர்க்கும் மிகுதியாக உறங்கிய பிரிவினர்க்கும் இருந்த சராசரி வேற்றுமை 15 நிமிடமே. முறையே 7 மணி 10 நிமிடம், 7 மணி 25 நிமிடம். அவ்வளவிலேயே படிப்பு, சொல்வளம், சிந்தனை ஆகியவற்றின் தேர்வுகளில் பின்னவர் மேம்பட்டிருந்தனர். இவ்விரு ஆய்வுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுபவற்றைக் காட்டுவனவே. இதனால் இது விளைந்தது என்று அறுதியிடுவன அல்ல. ஆயினும் எல்லாம் ஒரே திசையைச் சுட்டுகின்றன.

இவற்றையெல்லாம் அன்னையாரிடம் எடுத்துரைத்தபோது அவர் சொன்ன மறுமொழி நம் பெரியோர் பலர் சொல்வதே. "நாங்க நாலு மணிக்கு எந்திரிச்சுச் சாணி தெளிச்சு, தண்ணி எடுத்து, வயலுக்குப் போகலையா? எங்களுக்கு மூளை கெட்டா போச்சு?" என்றார். கேள்வி நியாயமானதே. ஔவையார் ஆத்திசூடியில் வைகறையில் எழப் பணித்ததும் உண்மையே. ஆனால் "அப்போது எத்தனை மணிக்கு அம்மா படுப்பீர்கள்?" என்று கேட்டோம். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "வெளக்கு வச்சுக் கஞ்சி குடிச்சா படுக்கைதான், எட்டு மணிக்கு ஊரே அடங்கிப் போகுமே" என்றார். எட்டுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் எட்டு மணி நேரம். முந்திப் படுக்கச் சொல்ல அக்காலத்தில் ஒருவரும் வேண்டியிருந்ததில்லை. இருட்டே படுக்க வைத்தது. இன்று நாம் அந்த வழக்கத்தின் பின்பாதியை மட்டும் பிள்ளைகளிடம் வற்புறுத்துகிறோம். முன்பாதியை மின்விளக்கும் தொலைக்காட்சியும் பயிற்சி வகுப்பும் எடுத்துக்கொண்டன. அன்னையார் வெகுநேரம் பேசாதிருந்தார். மறுநாள் முதல் நாலரை மணிக்கு அழைப்பதை அவரே நிறுத்திக்கொண்டார்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும் என 2016-இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தார் வரையறுத்தனர். ஒன்றரை அறை வீட்டில் ஐவர் வாழும் நம் போன்றோர் இதற்கு என்ன செய்யலாம்? எம் இல்லத்தில் செய்து பார்த்துப் பயன் கண்டவற்றைச் சொல்லுகிறோம்.

இரவு ஒன்பதரைக்குப் பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சிறு விளக்கை ஏற்றுகிறோம். தொலைக்காட்சித் தொடர் அத்துடன் முடிவு. இதில் பெரியோரின் தியாகமே பெரிது. பத்து மணிக்குக் கைப்பேசிகள் அனைத்தும், எம்முடையது உள்பட, சமையலறை அலமாரிக்குப் போய்விடும். பையனுக்கு மட்டும் விதித்தால் அது தண்டனை. எல்லார்க்கும் விதித்தால் வீட்டு வழக்கம். படிக்கிற பிள்ளைக்கு இரவு ஒன்பது மணிக்கு அன்போடு ஆற்றிக் கொடுக்கும் டிகிரி காப்பியை நிறுத்தினோம். காப்பியின் வேகத்தில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் உடலில் தங்குவது. பத்தரைக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுச்சி. கல்லூரி விட்டு வந்து உண்ட பின் அரை மணி நேரம் கண்ணயர விடுகிறோம். நான்கு மணிக்கு மேல் உறங்க விடுவதில்லை. வைகறைப் படிப்பு மாலைப் படிப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கலாம். நண்பகல் வரை உறங்கினால் அன்றிரவு மீண்டும் தூக்கம் பிந்தும். எழுந்ததும் சன்னலைத் திறந்து வெளிச்சம் முகத்தில் படச் செய்வது உடற்கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் இது எளிதன்று.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரவு ஏழு மணி நேரம், பகல் அரை மணி நேரம். வேண்டியது எட்டு. மீதி அரை மணி எங்கள் கையில் இல்லை. அது கல்லூரி மணியின் கையில் இருக்கிறது.

இதுவும் மாற்ற முடியாதது அன்று. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தார் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளினர். பிள்ளைகள் அந்த நேரத்தையும் விழித்தே கழிப்பர் என்று பலர் அஞ்சினர். அளந்து பார்த்ததில் நாளொன்றுக்கு 34 நிமிடம் உறக்கம் கூடியிருந்தது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கலாகாது என்பது சட்டமாயிற்று. நமது மகாராஷ்டிர அரசும் 2024 பிப்ரவரியில் மழலையர் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் பள்ளி தொடங்கலாகாது என ஆணையிட்டது. சிறுவர்க்கு இரங்கிய அந்நெஞ்சத்தை வாழ்த்துகிறோம். ஆயினும் இயல்பாகவே முந்தி எழும் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணியும், இயல்பாகவே பிந்தி எழும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஏழு மணியும் அமைந்துவிட்டமை தலைகீழாகவே இருக்கிறது.

சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் உண்டு. இடநெருக்கடியில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகள் மாலை ஐந்து முதல் எட்டு வரை அமைதியாகப் படிக்கச் சங்கக் கூடத்தில் ஓர் இடம் ஒதுக்குதல் ஒன்று. தேர்வுக் காலத்திலேனும் சங்க விழாக்களை இரவு ஒன்பது மணிக்குள் முடித்தல் இரண்டு. வாழ்த்துரை வழங்கும் பெருமக்கள் மனம் வைத்தால் இது கைகூடும். முதல் பாடவேளையைத் தள்ளி வைக்குமாறு பெற்றோர் பலர் கையொப்பத்துடன் கல்லூரிகளுக்கும் கல்வித் துறைக்கும் முறையீடு அனுப்புதல் மூன்று.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளுக்கு நிலபுலன் சேர்த்து வைக்க வல்லோம் அல்லோம். நன்றாய் வளர்ந்த மூளையே நாம் அவர்க்கு வைத்துச் செல்லக்கூடிய சொத்து. அது வளர்வது புத்தகத்தின் முன் மட்டும் அன்று, தலையணையின் மேலும்தான் என்பதை உணர்ந்து, விளக்கணைக்கும் வேளையை இன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் பேசி முடிவு செய்வோமாக.